அந்த இரண்டரை மணி நேரம்

பிறர் பொருளைத் தவறுதலாக எடுத்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால், பிறருடைய நேரத்தை எடுத்துவிட்டால் எதைக் கொண்டு அதை ஈடுகட்டுவது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு பெரிய சம்பவம் அன்று. அலுவலகக் கணிப்பொறி ஒன்று நண்பகலில் தானாக அணைந்து மீண்டும் எழுந்தது, அவ்வளவுதான். அதை அணைத்தவன் நான் என்பதால், அந்த நாளை என்னால் மறக்க இயலவில்லை.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவில் நான் பணியாற்றி வருகிறேன். அங்குள்ள 340 கணிப்பொறிகளைப் பராமரிப்பது எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு மேசையாகச் சென்று மென்பொருளை நிறுவும் காலம் போய்விட்டது. என் இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கட்டளையை அனுப்பினால், ஐந்து மாடிகளிலும் உள்ள கணிப்பொறிகள் அதை ஏற்றுத் தாமே நிறுவிக்கொள்ளும். பயன்படுத்துபவரின் அனுமதியோ உதவியோ அதற்குத் தேவையில்லை. வசதியான ஏற்பாடுதான். ஆனால், ஒருவருடைய மேசைக்குள் அவர் அறியாமல் கை நுழைக்கும் அதிகாரமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மார்ச் மாதத்து வியாழக்கிழமை

2019ஆம் ஆண்டு, மார்ச் மாதத்தின் கடைசி வாரம். நிதியாண்டு முடியும் தறுவாய். பி.டி.எஃப். ஆவணங்களைப் படிக்க உதவும் மென்பொருளின் புதிய பதிப்பை எல்லாக் கணிப்பொறிகளுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறை இருந்ததால் அதைத் தள்ளிப்போட விரும்பவில்லை. முதலில் என் சோதனைக் கணிப்பொறியில் நிறுவிப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் சத்தமின்றி முடிந்தது. மனநிறைவோடு வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அனைவருக்கும் அனுப்பினேன்.

இரண்டு இருபதுக்கு என் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அடுத்தடுத்து ஒலித்துக்கொண்டே இருந்தது. "திரை இருண்டுவிட்டது" என்றார் ஒருவர். "தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது" என்றார் மற்றொருவர். நான் பதறி அனுப்புதலை நிறுத்துவதற்குள் 37 கணிப்பொறிகள் அணைந்து எழுந்துவிட்டன.

காரணத்தைப் பின்னர்தான் கண்டறிந்தேன். விண்டோஸ் கணிப்பொறியில் ஒரு கோப்பு பயன்பாட்டில் இருக்கும்போது, அதன் இடத்தில் புதிய கோப்பை வைக்கப் பொதுவாக இயலாது. ஊஞ்சலில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது பலகையை மாற்ற முடியாதல்லவா? அதைப் போன்றதுதான். எனவே, நிறுவும் நிரல் புதிய கோப்பை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, "அடுத்த முறை கணிப்பொறி எழும்போது, மற்றவை விழிப்பதற்கு முன், இதை அதன் இடத்தில் வைக்கவும்" என்று ஒரு குறிப்பை எழுதி வைக்கும். பிறகு ரீஸ்டார்ட் தேவை என்று தெரிவிக்கும். நிறுவுதலை நாம் சத்தமின்றி நடத்தும்படி பணித்து, "ரீஸ்டார்ட் செய்யாதே" என்னும் கட்டளைச் சொல்லைச் சேர்க்காமல் விட்டுவிட்டால், அது யாரையும் கேளாமல் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும். அந்த ஒரு சொல்லைத்தான் நான் விட்டுவிட்டேன்.

என் சோதனைக் கணிப்பொறியில் இது ஏன் தெரியவில்லை? அங்கே அந்த மென்பொருளை நான் திறந்தே வைத்திருக்கவில்லை. ஊஞ்சல் காலியாக இருந்தது. பலகை உடனே மாறிவிட்டது. வேலையில்லாத கணிப்பொறியில் சோதித்துவிட்டு, வேலை நடக்கும் கணிப்பொறிகளுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த 37 பேருள் ஒருவர் கணக்குப் பிரிவின் மூத்த அலுவலரான ஓர் அம்மையார். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே மீதமிருந்தவர். வங்கிக் கணக்கு அறிக்கையைப் பி.டி.எஃப். வடிவில் ஒரு பக்கம் திறந்து வைத்து, மறுபக்கம் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துப் பதிந்துகொண்டிருந்தார். அந்த மென்பொருளோ பழையது. பதிவுகள் அனைத்தையும் முடித்துக் கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை எதையும் சேமிக்காது. 142 பதிவுகளை முடித்திருந்தார். இன்னும் இருபது இருந்திருக்கலாம். அந்த நேரத்தில்தான் திரை இருண்டது.

நான் மாடியேறிச் சென்றபோது அவர் கோபப்படவில்லை. கைப்பேசியில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "இன்று என்னால் மூன்று மணிக்குக் கிளம்ப இயலாது. நீ ஆட்டோ பிடித்து மாமாவைக் கொண்டுபோய் விட்டுவிடு. நான் நேராக அங்கே வந்துவிடுகிறேன்" என்றார். அருகில் இருந்தவர்தான் எனக்கு விளக்கினார். அம்மையாரின் கணவருக்குத் திங்களும் வியாழனும் டயாலிசிஸ் நாள்கள். அவ்விரு நாள்களிலும் அனுமதி பெற்று மூன்று மணிக்குப் புறப்பட்டுவிடுவார். அதற்காகவே காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து அமர்வார். மகன் வெளியூரில் இருப்பதால், அன்று பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து உதவி கேட்டார்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம், பாதுகாப்புக்காகத்தான்..." என்று தொடங்கினேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்தக் கணிப்பொறி கம்பெனியுடையது. நான் மறுக்கவில்லை. அதற்குள் எதை வைப்பதும் எடுப்பதும் உங்கள் பொறுப்பு, அதையும் மறுக்கவில்லை. ஆனால், போன இரண்டரை மணி நேரம் என்னுடையது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் அமர்ந்தேன். வங்கி அறிக்கையை அச்செடுத்து, தேதியையும் தொகையையும் வரி வரியாக நான் வாசிக்க, அவர் பதிந்தார். ஆறே முக்கால் மணிக்கு முடிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, விரைந்து படியிறங்கினார். அவர் சொன்ன நன்றிதான் என்னை அதிகமாக வருத்தியது.

வாப்பா சொன்ன பாதி

அன்றிரவு காயல்பட்டினத்திலிருந்த வாப்பாவிடம் தொலைபேசியில் பேசியபோது, நடந்ததைச் சொன்னேன். வாப்பாவுக்குக் கணிப்பொறி தெரியாது. முப்பது ஆண்டுகள் தேநீர்க் கடை நடத்தியவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நம் கடையை நான் எப்போது கழுவிவிடுவேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. பகல் உணவு முடிந்து கூட்டம் குறையும் மூன்று மணி அளவில் கழுவுவார். வாளியைத் தூக்குமுன் ஒவ்வொரு மேசையாகச் செல்வார். "இன்னும் பத்து நிமிடத்தில் தரையைக் கழுவப் போகிறோம். நிதானமாகக் குடித்து முடியுங்கள். அவசரமில்லை என்றால் வெளித் திண்ணையில் அமர்ந்துகொள்ளுங்கள்" என்பார். முதியவர் எவரேனும் இருந்தால், அவர் எழும்வரை அந்த மூலையை மட்டும் விட்டுவைப்பார்.

"சொல்லாமல் கழுவினால் வாடிக்கையாளர் போய்விடுவார், மகனே. கழுவாமலே விட்டால் கடையே போய்விடும். இரண்டையும் நினைவில் வை" என்றார் வாப்பா.

நான் அன்று முதல் பாதியை மட்டுமே காதில் வாங்கினேன் போலும்.

மறு தவறு

மறுநாளே எல்லா நிறுவுதல்களுக்கும் "ரீஸ்டார்ட் செய்யாதே" என்ற கட்டளையைச் சேர்த்துவிட்டேன். இனி எவருடைய வேலையும் என்னால் கெடாது என்று நிம்மதியடைந்தேன். எட்டு மாதங்கள் தொலைபேசி ஒலிக்கவில்லை. எங்கள் அறிக்கைகளில் எல்லாம் "நிறுவப்பட்டது" என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்தன.

நவம்பரில் நிறுவனத்தின் தணிக்கைக்காகக் கணிப்பொறிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது அந்தப் பச்சை நிறத்தின் உண்மை புலப்பட்டது. நிறுவும் நிரல் வேலையை முடித்ததும் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். 0 என்றால் வெற்றி. 3010 என்றால் வெற்றிதான், ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை நிறைவுறும் என்று பொருள். 1641 என்றால் வெற்றி, ரீஸ்டார்ட்டும் தொடங்கிவிட்டது என்று பொருள். மார்ச் மாதத்து வியாழனன்று எனக்கு வந்த எண் 1641. அதன் பிறகு வந்து குவிந்தவை 3010. எங்கள் அறிக்கை மூன்றையும் ஒன்றாகவே வெற்றிக் கணக்கில் சேர்த்துவிட்டது.

96 கணிப்பொறிகள் ஒரு மாதத்திற்கும் மேலாக ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்தன. புதிய கோப்புகள் ஓரத்தில் கிடந்தன. பழைய கோப்புகளே ஓடிக்கொண்டிருந்தன. பூட்டு மாற்றிவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, புதுப் பூட்டைத் திண்ணையில் வைத்துப் போன கதைதான்.

சரக்கு அனுப்பும் பிரிவில் ஒரு கணிப்பொறி 81 நாள்களாக ரீஸ்டார்ட் ஆகவில்லை. அதன் பொறுப்பாளரிடம் கேட்டேன். "சார், நான் தினமும் மாலையில் அணைத்துவிட்டுத்தானே போகிறேன்!" என்று மனம் நொந்து சொன்னார். அவர் சொன்னது உண்மை. கணிப்பொறி காட்டியதும் உண்மை.

2012இல் வந்த விண்டோஸ் 8 பதிப்பிலிருந்து விரைவாக எழும் வசதி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. நாம் ஷட்டவுன் கொடுக்கும்போது, கணிப்பொறி தன் உள்மையத்தின் நிலையை வட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு அணைகிறது. காலையில் பொத்தானை அழுத்தினால், புதிதாகத் தொடங்காமல் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு தொடர்கிறது. அதனால்தான் விரைவாக எழுகிறது. ஆனால், காத்திருக்கும் வேலைகள் அப்போது நடைபெறாமல் போகலாம். ரீஸ்டார்ட் என்று கொடுத்தால் மட்டுமே அது முழுமையாக அடங்கி, முழுமையாக எழுகிறது. அணைப்பதைவிட ரீஸ்டார்ட் செய்வதே ஆழ்ந்த உறக்கம் என்பது கேட்பவர்க்கு வியப்பாக இருக்கும். எனினும், அந்த வசதி இயங்கும் கணிப்பொறிகளில் நடப்பது அதுதான்.

இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எவரும் கேட்கலாம். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி வன்னாக்ரை என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவிக் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் நாட்டின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் முன்பதிவுகள் இரத்தாயின. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தும், திருத்தம் சேராத கணிப்பொறிகள் எண்ணற்றவை இருந்தன. எங்கள் 96 கணிப்பொறிகளும் அத்தகைய அவகாசத்தை வீணாக்கிக்கொண்டுதான் இருந்தன. அந்த எட்டு மாதங்களில் எங்களுக்குத் தீங்கு நேரவில்லை என்றால், அது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று.

வாப்பா சொன்ன மறுபாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் கடையைக் கழுவுவதையே விட்டிருந்தேன்.

கேட்டுச் செய்யும் முறை

மேலதிகாரியிடம் இரண்டு தவறுகளையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தேன். புதிய முறை ஒன்றை வகுக்க அனுமதி கிடைத்தது. நான் முதலில் சென்று நின்ற இடம் அந்த அம்மையாரின் மேசை. "உங்கள் பிரிவுக்கு எந்த நாள்கள் ஆகாது என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் ஒரு நாள்காட்டியை எடுத்துச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுத்தார். 7ஆம் தேதி பிடித்தம் செய்த வருமான வரியைச் செலுத்தும் நாள். 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குகள். மாதக் கடைசி நான்கு நாள்கள் சம்பளம். மார்ச் கடைசி இரண்டு வாரங்கள் முழுவதும் சிவப்பு. அத்தனை ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் பணியாற்றியும் இந்த நாள்காட்டியை நான் பார்த்ததில்லை!

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பாதுகாப்புத் திருத்தங்களை 2003ஆம் ஆண்டிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. நம் நாட்டில் அப்போது இரவாகிவிடும். மறுநாள், பிரிவுக்கு இரண்டு மூன்று பேராக விரும்பி முன்வந்த பதினைந்து பேருக்கு மட்டும் முதலில் அனுப்புகிறோம். அவர்கள் தத்தம் வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுவிப் பார்க்கிறோம். காலி ஊஞ்சலில் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்து, சிவப்பு நாள்களைத் தவிர்த்து, மற்றவர்களுக்கு அனுப்புகிறோம். அந்த மாதத்தில் நிறுவ வேண்டியவை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ரீஸ்டார்ட்டில் முடிக்கிறோம்.

நிறுவுதல் சத்தமின்றியே நடக்கிறது. ரீஸ்டார்ட்டைப் பயன்படுத்துபவரே முடிவு செய்கிறார். அவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தமக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். தேநீர் வேளையாக இருக்கலாம், வீட்டுக்குப் புறப்படும் வேளையாக இருக்கலாம். மூன்று நாள்களும் கடந்துவிட்டால், நான்கு மணி நேரத்திற்கு முன்பே திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கும். கடைசிப் பதினைந்து நிமிடங்களில் அந்த அறிவிப்பை மூட இயலாது. அதன் பிறகு ரீஸ்டார்ட் நடந்தே தீரும். இந்தக் கடைசி விதியைத் தளர்த்தும்படி சிலர் கேட்டனர். அம்மையார்தான் எனக்காகப் பேசினார்: "கடைசி நாள் என்று ஒன்று இல்லாவிட்டால் நாங்களும் செய்ய மாட்டோம், தம்பி. வரி கட்டுவதும் அப்படித்தானே!"

அறிவிப்பின் வாசகத்தையும் அவரே திருத்தினார். நாங்கள் எழுதியிருந்தது, "நிர்வாகியின் ஆணைப்படி ரீஸ்டார்ட் செய்யப்படும்" என்பது. அவர் அதை அடித்துவிட்டு நான்கு செய்திகளை எழுதினார். என்ன நிறுவப்பட்டது, எதற்காக, ரீஸ்டார்ட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகும், எப்போதுக்குள் செய்ய வேண்டும். கீழே ஒரு வரி: "திறந்திருப்பவற்றைச் சேமித்துவிட்டு அழுத்தவும்." அந்த வாசகம் வந்த முதல் மாதத்தில், கடைசிக் கடிகாரம்வரை போனவர்கள் பதினொரு பேர் மட்டுமே. மற்றவர்கள் எல்லோரும் தாமாகவே செய்து முடித்துவிட்டனர். கேட்டால் கொடுப்பதற்கு மனிதர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.

இப்போது இந்தத் தொல்லையே குறைந்து வருகிறது. 2025ஆம் ஆண்டிலிருந்து, நிறுவனங்களுக்கான விண்டோஸ் 11 பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே நினைவகத்தில் திருத்திவிடும் முறை கிடைத்துள்ளது. அதற்குத் தகுதியான கணிப்பொறிகளில் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்காக ஆண்டுக்கு 12 முறை ரீஸ்டார்ட் செய்வதற்குப் பதிலாக, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் செய்தால் போதும். எனினும், மற்ற மென்பொருள்களுக்கும் கருவிகளை இயக்கும் நிரல்களுக்கும் அது பொருந்தாது. ஊஞ்சலிலிருந்து ஒரு நிமிடம் எழச் சொல்லும் வேலை எங்களுக்கு இன்னும் சில காலம் இருக்கவே செய்யும்.

வாசக அன்பர்களே! இன்று பலருடைய வீட்டுக் கூடத்தில் அலுவலகத்தின் மடிக்கணிப்பொறி ஒன்று இருக்கிறது. மகனோ மகளோ மருமகளோ அதில் பணியாற்றுகிறார்கள். "ரீஸ்டார்ட் செய்யவும்" என்ற அறிவிப்பு வந்தால், பிறகு பார்க்கலாம் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். வேலையை அவ்வப்போது சேமித்து வைக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், அணைப்பதற்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுக்கட்டும். முக்கியமான கூட்டமோ தேர்வோ இருந்தால், முதல் நாள் இரவே அதை முடித்து வைக்கட்டும். திருத்தம் சேர்ந்துகொண்டிருக்கும்போது, நேரமாகிறதே என்று மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டாம். சார்ஜரைச் செருகிவிட்டுப் பொறுமையாக இருக்கட்டும். சில நிமிடங்களில் தானே எழும்.

அந்த அம்மையார் 2023ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை, அவருடைய கணிப்பொறியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நான் சென்றேன். திரையில் எங்கள் அறிவிப்பு தோன்றியிருந்தது. அவருக்கு இன்னும் இரண்டு நாள் அவகாசம் இருந்தது. நாளை முதல் அந்த இருக்கைக்கு அவர் வரப்போவதில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேமித்து மூடிவிட்டு, ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். "அடுத்து வருபவர் சுத்தமாகத் தொடங்கட்டும், தம்பி" என்றார்.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். பணத்தையும் நகையையும் அமானிதமாக எண்ணக் கற்றிருக்கிறோம். ஒருவருடைய வேலை நேரமும் அத்தகையதே என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். கணிப்பொறி எழுந்து முடிக்க நான்கு நிமிடங்கள் ஆயின. அதுவரை இருவரும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.